முன்னோடி அணிக்கு ஒரு கையடக்கக் கவசம்: அறிவியல் கதைக்கும் மேசை விளையாட்டுக்கும் முழுமையான வழிகாட்டி

அறிவியல் புனைகதை எழுதவோ, மேசையைச் சுற்றியிருந்து கதைவிளையாட்டு ஆடவோ வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது கவசம்தான். தெரியாத நிலத்தைப் பார்த்துவர அனுப்பப்பட்ட நாலு பேர், அவர்களிடம் ஒரு கருவி, பொத்தானை அழுத்தினால் சுற்றிலும் நீல ஒளி. கதை அங்கேயே நின்றுவிடும். எதுவும் தொட முடியாத நாலு பேருக்கு என்ன ஆகுமோ என்று யாரும் பதற மாட்டார்கள்.

மட்டக்களப்பில் கதைக் குழுக்களோடு இந்தக் கருவியைத் திரும்பத் திரும்ப வடிவமைத்துப் பார்த்ததில் ஒன்று தெளிவானது. கவசம் எதைத் தடுக்கிறது என்பதைவிட, தடுக்கப்பட்ட அடி எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு இலக்கத்தில் விடை எழுதிவிட்டால் கதை தானாக நகரும்.

கீழே உள்ள படிகளை இதே ஒழுங்கில் செய்யுங்கள். முடிவில் ஒரு பக்க அட்டை உங்கள் கையில் இருக்கும்: கவசத்தின் விதி, எடை, நேரம், தண்ணீர்ச் செலவு, பழுதாகும் விதம்.

தொடங்குமுன் வேண்டியவை

ஒரு கொப்பி, ஃபோனில் உள்ள கல்குலேற்றர், ஒன்றரை மீற்றர் கயிறு, 5 கிலோ அரிசிப் பை, ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல், ஒரு பைக்கற் கோன்ஃப்ளவர் மா, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை.

சாதாரண தர விஞ்ஞானத்தில் படித்த இரண்டு சமன்பாடுகளும் வேண்டும். உந்தம் என்பது திணிவை வேகத்தால் பெருக்க வருவது. இயக்க சக்தி என்பது திணிவை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி அதில் பாதி. இதற்கு மேல் கணக்கு எதுவும் வராது.

இன்னொன்றும் முன்கூட்டியே முடிய வேண்டும். துப்பாக்கிச் சூடு, குண்டு வெடிப்பு இவற்றை மேசையில் வைக்கலாமா என்று குழுவிடம் கேளுங்கள். எங்கள் ஊர்களில் அதை விளையாட்டாக எடுக்க முடியாத வீடுகள் நிறைய உண்டு. ஒருவர் வேண்டாம் என்றாலும் அவற்றை விலக்கிவிடுங்கள். காரணம் கேட்கத் தேவையில்லை. அவை இல்லாமலே இந்தக் கருவிக்கு வேலை தாராளமாக இருக்கிறது.

1. நிலத்தைத் தெரிவு செய்தல்

பெரும்பாலானவர்கள் கருவியின் நிறத்திலும் சத்தத்திலும் தொடங்குகிறார்கள். நிலத்தில் தொடங்குங்கள். கவசத்தை எங்கே ஊன்றுவது, தண்ணீர் எங்கே கிடைக்கும், காற்று எவ்வளவு ஈரம் என்பதையெல்லாம் நிலம்தான் சொல்லும்.

நடந்து பார்த்த நிலமாக இருந்தால் நல்லது. கதை எதிர்காலத்தில் நடக்கட்டும், வேறு கோளில்கூட நடக்கட்டும், மண் மட்டும் தெரிந்த மண்ணாக இருக்கட்டும். இந்த வழிகாட்டியின் மாதிரிக்கு நான் எடுப்பது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை. கடல் உள்ளே வந்துவிட்ட ஒரு எதிர்காலம். கடல்பக்கத்துக் கரையான எழுவான்கரை மணல்திட்டுகளாக உடைந்து கிடக்கிறது. வாவியைத் தாண்டி மேற்கே என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க நாலு பேர் போகிறார்கள். கரையோர மணல், வாவிச் சேறு, வயல்வெளி, குடும்பிமலைப் பக்கத்துப் பாறை என்று நாலு வகைத் தரை ஒரே பயணத்தில் வந்துவிடும். அம்பாறைப் பக்கத்தார் பொத்துவிலில் இருந்து உகந்தை வரையுள்ள பற்றைக்காட்டை எடுக்கலாம்.

காலத்தையும் எழுதுங்கள். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை, வெள்ளம். ஆடி, ஆவணியில் வெயில், வற்றிய குளம். ஒரே கருவி இந்த இரண்டு காலத்திலும் வேறு வேறு மாதிரி நடக்கும்.

2. ஆபத்துகளை எழுதி, மூன்றை மட்டும் வைத்தல்

அந்த நிலத்தில் மனிதரைக் கொல்லக்கூடிய எல்லாவற்றையும் எழுதுங்கள். பட்டியல் நீளட்டும். அப்புறம் கவசம் தடுக்கப்போவது எவை என்று மூன்றைத் தெரிந்தெடுங்கள். மற்றவை எல்லாம் கவசம் போட்டிருந்தாலும் ஆபத்துகளே.

வீட்டில் பெரியவர்களிடம் கேட்டால் பட்டியல் உயிர்பெறும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள், காற்று என்று பொதுவாகச் சொல்ல மாட்டார்கள். கூரைத்தகரம் பறந்ததையும் தென்னை முறிந்ததையும் சொல்வார்கள். காற்றையும் காற்று கொண்டுவரும் பொருளையும் அவர்கள் பிரித்துப் பேசுகிறார்கள். வடிவமைப்புக்கு இந்தப் பிரிப்புத்தான் முக்கியம், ஏனென்றால் இரண்டையும் ஒரே கவசத்தால் தடுக்க முடியாது.

மாதிரியில் நான் வைத்த மூன்று: பறந்துவரும் தகரம், மேலிருந்து விழும் கல்லும் கொப்பும், பாய்ந்துவரும் விலங்கு. காற்று, வெள்ளம், வெயில், பாம்பு, தாகம் எல்லாம் வெளியே.

நாலாவதாக ஒன்றைச் சேர்க்கலாமா என்று கட்டாயம் கேட்பார்கள். சேர்க்காதீர்கள். சேர்க்கச் சேர்க்க அணிக்கு யோசிக்கும் வேலை குறையும்.

3. ஒரே ஒரு விதி எழுதுதல்

இதுதான் அதிகம் தடுமாறும் இடம். இது உள்ளே வரலாம், அது வரக்கூடாது என்று இருபது விதி எழுதுவார்கள். மூன்றாவது காட்சியிலேயே ஒன்றுக்கொன்று முரண்படும். ஒரு விதி போதும், அதிலிருந்து மற்றவை எல்லாம் பிறக்க வேண்டும்.

எல்லாரும் முதலில் எழுதும் விதி: வேகமாக வருவதைத் தடுக்கும், மெதுவாக வருவதை விடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாம் சுவாசிக்கும் வளியின் மூலக்கூறுகள் அறை வெப்பநிலையிலேயே செக்கனுக்கு ஏறக்குறைய 500 மீற்றர் வேகத்தில் ஓடுகின்றன. கையால் எறிந்த கல் 20 மீற்றரில் வரும். அந்தக் கல்லைத் தடுக்கும் வேக வடிகட்டி வளியையும் தடுத்துவிடும், உள்ளே இருப்பவர் மூச்சுத் திணறுவார்.

ஆகவே வேகத்தை விட்டுவிட்டு, பொருள் ஒவ்வொன்றும் கொண்டுவரும் இயக்க சக்தியை அளவாக வையுங்கள். மாதிரி விதி: கவசத்தோடு ஒப்பிட்டு 1 யூலுக்கு மேல் இயக்க சக்தியோடு வரும் எந்தப் பொருளும் நிற்கும். 100 கிராம் மாங்காய் ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் சக்தி ஏறக்குறைய 1 யூல்தான்.

இனி இந்த ஒரு வரியில் இருந்து என்னென்ன வருகிறது என்று பாருங்கள்.

தனி மூலக்கூறின் சக்தி மிகச் சிறியது, ஆகவே வளி போகும். வளி போவதால் சத்தம் போகும், காற்றும் போகும், சூறாவளி உள்ளேயும் வீசும். மழைத்துளி போகும், நுளம்பு போகும். ஒளியும் வானொலி அலையும் போகும். அணி பார்க்கலாம், பேசலாம், ஆனால் வெயிலும் நெருப்பின் வெக்கையும் அப்படியே படும்.

100 கிலோ முதலை செக்கனுக்கு 10 சென்ரிமீற்றர் ஊர்ந்துவந்தால் அதன் சக்தி அரை யூல். கவசம் அதைக் கண்டுகொள்ளாது. மட்டக்களப்பு வாவியில் முதலை உண்டு என்பதை நினைவில் வையுங்கள். மறுபக்கம், உங்கள் ஆள் ஒருவர் உயிர் தப்ப ஓடிவந்தால் கவசம் அவரை நிறுத்திவிடும். சுமையோடு 80 கிலோ உள்ளவர் செக்கனுக்கு 15 சென்ரிமீற்றருக்கு மேல் நகரக்கூடாது. துரத்துகிற விலங்குக்கு முன்னால் ஒருவர் அப்படி மெல்ல மெல்ல உள்ளே வர வேண்டும். ஒரு முழுக் காட்சி இலவசமாகக் கிடைத்துவிட்டது.

கவசத்தோடு ஒப்பிட்டு என்ற சொற்றொடரை விட்டுவிடாதீர்கள். கவசம் போட்டபடி நடந்தால், அதன் கணக்கில் மரங்கள்தான் உங்களை நோக்கி வருகின்றன. காட்டுக்குள் அதைப் போட்டுக்கொண்டு ஓட முடியாது.

உண்மையான கருவிகளும் இப்படி ஒன்றை மட்டும்தான் செய்கின்றன. விண்வெளி நிலையத்தில் உள்ள விப்பிள் கவசம், மெல்லிய வெளித்தகட்டில் மோதவிட்டுச் சிறு துணிக்கைகளைச் சிதறடிக்கிறது. 1995 இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் உருவான பிளாஸ்மா சாளரம், வளியை வெற்றிடத்துக்குள் விடாமல் பிடித்துக்கொண்டு கதிர்க்கற்றையைப் போகவிடுகிறது. 2015 இல் போயிங் நிறுவனத்துக்குக் கிடைத்த காப்புரிமை ஒன்று வெடிப்பின் அதிர்வலையைத் தணிப்பது பற்றியது. பறந்துவரும் துண்டுகளைத் தடுப்பது அதன் வேலை அல்ல.

விதியைக் கையால் உணரக் கோன்ஃப்ளவர் மாவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழையுங்கள். விரலை மெல்ல வைத்தால் இறங்கும், ஓங்கிக் குத்தினால் இறுகும். சின்னப் பிள்ளைகள் உள்ள குழுவில் இதைத் தவறவிடாதீர்கள். அதற்குப் பின் யாரும் விதியை மறப்பதில்லை.

வளியே புகாத மூடிய கவசம்தான் வேண்டும் என்று யாராவது நின்றால், கணக்கைக் காட்டுங்கள். 3 மீற்றர் விட்டமுள்ள அரைக்கோளத்துக்குள் ஏறக்குறைய 7 கனமீற்றர் வளி இருக்கும். சும்மா இருக்கும் மனித உடல் கிட்டத்தட்ட 100 வாட் வெப்பம் விடுகிறது. வெப்பம் வெளியேற வழியே இல்லை என்று வைத்தால், நாலு பேர் சேர்ந்து உள்வளியை 20 செக்கனுக்கு 1 பாகை வீதம் சூடாக்குவார்கள். வெளியே ஏற்கெனவே 33 பாகை. ஒட்சிசன் தீருமுன் வெக்கை அவர்களை வெளியே தள்ளிவிடும். அடியும் மூடியிருந்தால் இன்னொரு சிக்கல்: ஒரு மீற்றர் வெள்ளத்தில் அது ஏறக்குறைய 6 தொன் தண்ணீரை இடம்பெயர்க்கும். நாலு பேரோடு சேர்ந்து மிதந்து புரண்டுவிடும்.

4. அடி எங்கே போகிறது என்று கணக்கிடுதல்

கவசம் ஒரு பொருளை நிறுத்தினால் அதன் சக்தி எங்கேயோ போக வேண்டும், அதன் உந்தமும் எங்கேயோ போக வேண்டும். இரண்டும் ஒரே இடத்துக்குப் போவதில்லை. சக்தி கருவிக்குள் போய் வெப்பமாகும். உந்தம் கருவியைப் பிடித்திருப்பவரைத் தள்ளும். புதியவர்கள் இரண்டையும் குழப்புவதால்தான், சின்னக் கல்லுக்குப் பறந்து விழும் வீரனும் யானை மோதியும் அசையாத வீரனும் ஒரே கதையில் வருகிறார்கள்.

இந்த நாலையும் கொப்பியில் எழுதி வையுங்கள். உந்தம், கிலோவைச் செக்கனுக்கு மீற்றர் வேகத்தால் பெருக்கிய அளவில்.

மணிக்கு 140 கிலோமீற்றரில் வரும் 160 கிராம் கிரிக்கெட் பந்து: சக்தி 120 யூல், உந்தம் 6.

செக்கனுக்கு 700 மீற்றரில் வரும் 8 கிராம் சன்னம்: சக்தி 2000 யூலுக்குக் கொஞ்சம் குறைவு, உந்தம் 6 ஐவிடக் குறைவு.

செக்கனுக்கு 30 மீற்றரில் பறக்கும் 5 கிலோ தகரம்: சக்தி 2250 யூல், உந்தம் 150.

செக்கனுக்கு 5 மீற்றரில் வரும் 4000 கிலோ யானை: சக்தி 50,000 யூல், உந்தம் 20,000.

சன்னத்துக்கும் தகரத்துக்கும் சக்தி கிட்டத்தட்ட ஒன்றுதான். கருவிக்கு இரண்டும் ஒரே அளவு சூடு. ஆனால் பிடித்திருப்பவருக்கு அப்படியல்ல. 80 கிலோ உள்ளவரைச் சன்னம் செக்கனுக்கு 7 சென்ரிமீற்றர் மட்டுமே நகர்த்தும். தகரம் ஏறக்குறைய 2 மீற்றர் வேகத்தில் பின்னுக்குத் தள்ளும், அவர் விழுந்துவிடுவார். யானை தன் வேகத்திலேயே அவரைத் தூக்கிக்கொண்டு போகும். கவசம் உடையவில்லை, எலும்பு உடைந்தது என்று எழுதலாம், அது சரியான வாக்கியம்.

தள்ளப்படாமல் இருக்க வேண்டுமென்றால் உந்தத்தைத் தரைக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு முளை அடிக்க வேண்டும். முதல் படியில் எழுதிய மண் இங்கே திரும்பவும் வேலைக்கு வருகிறது: கரை மணலில் நீண்ட முளை, வயல் சேற்றில் அகலமான தட்டு, பாறையில் முளையே இறங்காது. எந்தத் தரையில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அட்டையில் எழுதுங்கள்.

5. வடிவத்தைத் தெரிதல்

மூன்று வடிவம் போதும். ஒரு மீற்றர் விட்டமுள்ள கைத்தட்டு. இரண்டுக்கு இரண்டு மீற்றர் சுவர். 3 மீற்றர் விட்டமுள்ள குடில்.

தெரியுமுன் வெளியே போய்க் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துச் சுற்றி மணலில் வட்டம் போடுங்கள். நாலு பேர் பைகளோடு உள்ளே இருந்து பாருங்கள். கால் நீட்ட இடம் இருக்காது. இதைச் செய்யாதவர்கள் எழுதும் குடிலுக்குள் ஆட்கள் ஓடித் திரிவார்கள்.

பரப்பளவைக் கணக்கிடுங்கள், ஏனென்றால் செலவு பரப்போடு ஏறும் என்பதுதான் நேர்மையான விதி. தட்டு 0.8 சதுர மீற்றர், சுவர் 4, குடில் 14. சதுர மீற்றருக்கு 125 வாட் என்று வைத்தால் தட்டுக்கு 100 வாட், சுவருக்கு 500, குடிலுக்கு 1750 க்குக் கொஞ்சம் மேல்.

6. சக்தியும் வலுவும்

இன்றைய நல்ல லிதியம் அயன் பற்றரி ஒரு கிலோவில் ஏறக்குறைய 250 வாட் மணித்தியாலம் வைத்திருக்கும். 2 கிலோ பற்றரி கொடுத்தால் 500. தட்டு 5 மணித்தியாலம் ஓடும், சுவர் 1 மணித்தியாலம், குடில் 17 நிமிடம். எதிர்காலக் கதை என்பதற்காக இதை நூறு மடங்காக்க ஆசை வரும். நான் அப்படி விடுவதில்லை. 17 நிமிடம் என்ற இலக்கத்தில்தான் நல்ல காட்சிகள் இருக்கின்றன. யாராவது ஒருவர் நேரத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டி வரும்.

சக்தி இருந்தால் போதாது, அதை உடனே கொடுக்கவும் வேண்டும். தகரத்தை அரை மீற்றர் தூரத்துக்குள் நிறுத்தினால் அதற்குக் கிடைப்பது ஒரு செக்கனில் முப்பதில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் 2250 யூல் என்றால் ஏறக்குறைய 68 கிலோவாட். இந்தச் சின்னப் பற்றரியால் முடியாது. ஆகவே இடையில், சக்தியைச் சேர்த்து வைத்து ஒரே நேரத்தில் விடும் ஒரு கொள்ளளவி வேண்டும். அரைக் கிலோ மீகொள்ளளவியில் (கூடுதலாகச் சேர்க்கும் வகை) 9000 யூல் அளவு வைக்கலாம், அதாவது நாலு தகரம். யானையை நிறுத்த அது போதாது.

இதை மேசைக்குக் கொண்டுவருவது எளிது. ஆளுக்கு முன்னால் நாலு புளியங்கொட்டை வையுங்கள். தகரம் அளவு அடி ஒன்றுக்கு ஒரு கொட்டை. பற்றரி 500 வாட் வீதம் நிரப்பினால் ஒரு கொட்டை திரும்ப வர 5 செக்கன், விளையாட்டில் ஒரு முறை. கொட்டை இல்லாதபோது வரும் அடி நேரே உள்ளே வரும். கணக்கு விளங்காத பிள்ளையும் கொட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

7. வெப்பமும் தண்ணீரும்

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிப் போகிறார்கள், கதைக்கு அதிகம் கொடுப்பதும் இதுதான். பற்றரியில் இருந்து வந்த சக்தி முழுவதும் கடைசியில் வெப்பமாகக் கருவிக்குள் நிற்கும். அது வெளியேற வேண்டும்.

சுமக்கக்கூடிய மிகச் சிறந்த குளிரூட்டி தண்ணீர்தான். 30 பாகையில் உள்ள ஒரு லீற்றரைக் கொதிக்க வைத்து முழுவதும் ஆவியாக்க ஏறக்குறைய 25 இலட்சம் யூல் வேண்டும். 500 வாட் மணித்தியாலம் என்பது 18 இலட்சம் யூல். ஆகவே எந்த வடிவத்தில் பாவித்தாலும், பற்றரி ஒருமுறை முழுதாகத் தீரும்போது 700 மில்லிலீற்றர் தண்ணீர் ஆவியாகியிருக்கும்.

அது யாருடைய தண்ணீர்? அணி குடிக்கக் கொண்டுபோன தண்ணீர். இதோடு கவசம் மந்திரப் பொருளாக இல்லாமல் போகிறது. ஆவணி வெயிலில், வற்றிய குளத்தருகே, ஒரு மணித்தியாலச் சுவருக்கு முக்கால் போத்தல் கொடுக்கலாமா என்று நாலு பேர் வாதாடுவார்கள்.

வாவித் தண்ணீரை ஊற்றலாமே என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி, ஊற்றலாம். வாவி உவர்நீர்; ஆவியான பிறகு உப்புக் குழாயில் படியும். எத்தனை தடவை ஊற்றினால் அடைக்கும் என்று இப்போதே எழுதிவிடுங்கள், நான் மூன்று என்று வைக்கிறேன். மாரி காலத்தில் நன்னீர் எங்கும் கிடைக்கும், ஆனால் அப்போது வெயில் இல்லாததால் சூரியப் படலால் பற்றரி நிறையாது. 100 வாட் படலுக்கு முழு வெயிலிலேயே 5 மணித்தியாலம் வேண்டும். கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு, மாரியில் மின்தட்டுப்பாடு. இந்த இரண்டையும் நான் திட்டமிட்டு வைக்கவில்லை, கணக்கே கொடுத்தது.

ஆவி வெளியேறும்போது சீறும், வெள்ளையாகத் தெரியும். ஒளிந்திருக்கும் அணி கவசத்தைப் போட்டால் இருக்குமிடம் வெளிப்படும்.

8. எடையைச் சுமந்து பார்த்தல்

பற்றரி 2 கிலோ, கொள்ளளவி அரை, கவசத்தை உண்டாக்கும் வீசியும் கைச்சட்டமும் 1, நிறைந்த தண்ணீர்த்தொட்டி 1.2, வார்கள் 0.3. மொத்தம் 5 கிலோ.

அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு கல்லடிக் கடற்கரையில் ஈரமில்லாத மணலில் அரை மணித்தியாலம் நடவுங்கள். அதற்குப் பிறகு எழுதும் வாக்கியங்கள் வேறாக இருக்கும். உகந்தையில் இருந்து கதிர்காமத்துக்குக் காட்டுவழியே பாதயாத்திரை போனவர்கள் உங்கள் குடும்பத்திலேயே இருக்கலாம். எதைக் கொண்டுபோனார்கள், தண்ணீருக்கு என்ன செய்தார்கள், எது வீண்சுமையானது என்று கேளுங்கள். முன்னோடி அணியின் மூட்டையைப் பற்றி இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

எடை கூடிவிட்டால் குறைக்க வேண்டியது தொட்டியை அல்ல, வடிவத்தை. நாலு பேருக்கும் ஒவ்வொரு குடில் கொடுக்காமல், ஒருவரிடம் சுவர், இருவரிடம் தட்டு, ஒருவரிடம் ஒன்றுமில்லை என்று பிரியுங்கள். ஒன்றுமில்லாதவர் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது தன்னால் கவனத்துக்கு வரும்.

9. ஆளி

நனைந்த கையால், இருட்டில், பார்க்காமல் போடக்கூடியதாக இருக்க வேண்டும். தொடுதிரை வேண்டாம். திருகும் ஆளி ஒன்று, இழுத்தால் நிற்கும் கயிறு ஒன்று. அணிந்திருப்பவர் மயங்கினால் பக்கத்தில் உள்ளவர் அணைக்க முடியுமா என்பதை எழுதுங்கள். 15 சென்ரிமீற்றர் வேகத்தில் கையை நீட்டித்தான் அந்தக் கயிற்றை எட்ட முடியும்.

10. பழுதாகும் விதத்தை முன்கூட்டியே எழுதுதல்

கதைக்கு நெருக்கடி வேண்டிய இடத்தில் கவசம் திடீரென்று பழுதாகும். வாசகர் அதை உடனே பிடித்துவிடுவார், எழுத்தாளர் ஏமாற்றிவிட்டார் என்ற மனக்கசப்பு கதை முடியும்வரை போகாது. காரணமும் அறிகுறியும் முன்பே அட்டையில் இருந்தால் அதே பழுது நியாயமாகத் தெரியும்.

மூன்று பழுது எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் காதாலோ கையாலோ அறியக்கூடிய அறிகுறி ஒன்று வையுங்கள். தண்ணீர் தீர்ந்தால் சீறல் நிற்கும். அதன்பின் இரண்டு நிமிடத்தில் கருவி சூடேறி அணையும். குழாயில் உப்பு அடைத்தால் சீறல் விட்டுவிட்டு வரும். கடற்காற்றில் இணைப்பு முனைகள் கறள் பிடித்தால் கொட்டை திரும்ப வர ஒரு முறைக்குப் பதிலாக இரண்டு முறை எடுக்கும்.

திருத்தும் வழியையும் சேர்த்தே எழுதுங்கள். முனையைச் சுரண்ட எவ்வளவு நேரம், குழாயைக் கழுவ எவ்வளவு நன்னீர். திருத்த முடியாத பழுது ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

11. மேசையில் ஓட்டிப் பார்த்தல்

அட்டையை முழுக் கதையில் பாவிக்குமுன் ஒரு சின்னப் பயணத்தில் ஓட்டுங்கள். மாதிரிக்கு: குருமண்வெளியில் இருந்து மண்டூர்ப் பக்கம் படகில் வாவியைக் கடப்பது, அப்புறம் வயல் வரம்பால் மேற்கே நடப்பது. வழியில் நாலு நிகழ்வு வையுங்கள். ஒன்று கவசத்துக்கு ஏற்றது, ஒன்று கவசம் பயன்படாதது, ஒன்று கவசத்தால் நிலைமை மோசமாவது, ஒன்று போடலாமா வேண்டாமா என்று தெரியாதது.

படகில் இருக்கும்போது தகரம் பறந்து வரட்டும். முளையடிக்க இடமில்லை, உந்தம் 150, படகு என்ன ஆகும்? கரையேறிய பின் இருட்டில் ஏதோ ஊரும் சத்தம் வரட்டும். வரம்பில் யானை நிற்கட்டும்.

விளையாட்டில் பேச்சு இந்த மாதிரி வந்தால் கருவி சரியாக அமைந்துவிட்டது:

“அக்கா, சுவரப் போடவா?”

“பொறு மனே. தொட்டியில என்ன கிடக்கு?”

“அரைப் போத்தல்.”

“அப்ப வேணாம். யானை நம்மளப் பார்க்கல்ல. மெல்லப் பின்னால வா, சத்தம் போடாத.”

ஆளியைத் தொடுமுன் தண்ணீரைக் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். கேட்கவில்லையென்றால் கவசம் இன்னும் மலிவாக இருக்கிறது. சதுர மீற்றருக்கு 125 வாட் என்பதை 200 ஆக்குங்கள். மாறாக, ஒருவரும் கவசத்தைப் போடவே துணியவில்லையென்றால் விலை அதிகம்; தொட்டியை ஒன்றரை லீற்றராக்கி எடையில் அரைக் கிலோ கூட்டுங்கள். ஒரு தடவையில் ஒரு இலக்கத்தை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

1 யூல் என்ற எல்லையை மட்டும் கடைசிவரை தொடாதீர்கள். அதை மாற்றினால் மூன்றாம் படியில் கண்டுபிடித்த முதலை, ஓடிவரும் ஆள், மழை எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிட வேண்டும்.

12. அட்டையை எழுதி முடித்தல்

ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. மேலே விதி ஒரு வரியில். அதன் கீழ் தடுக்கும் மூன்று, தடுக்காதவற்றில் முக்கியமான ஐந்து. அடுத்து வடிவம், ஓடும் நேரம், எடை, கொட்டை எண்ணிக்கை, தண்ணீர்ச் செலவு. அதன்பின் தரைவாரியாக முளை அடிக்கும் நேரம். கடைசியில் மூன்று பழுது, அறிகுறி, திருத்தம்.

கருவியின் பெயர், நிறம், அதைச் செய்தவர் யார் என்பவற்றுக்கு அடியில் இரண்டு வரி விடுங்கள், இப்போது நிரப்பலாம். அணியின் பிள்ளைகளே பெயர் வைக்கட்டும்.

அட்டையின் மூலையில் திகதி போடுங்கள். இலக்கத்தை மாற்ற நேர்ந்தால் ஒரு விளையாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் மாற்றுங்கள், நடுவில் வேண்டாம். பழைய அட்டையைக் கிழிக்காமல் கொப்பியிலேயே வைத்திருங்கள். எழுதிய அத்தியாயங்கள் அந்த இலக்கங்களின்படிதான் நடந்திருக்கின்றன, திருத்தும்போது அவை தேவைப்படும்.